அடுத்த அப்டேட்டில் காது கேட்கும்

"சமையலறைக் குழாய் ஒழுகுது, பிளம்பரைக் கூப்பிடுங்க."

"அடுத்த மாசம் கண்டிப்பா வந்துடுமாம்," என்றார் கணவர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் சொன்னது பிளம்பரை அல்ல, அப்டேட்டை. போனுக்கு வரப்போகிற புது அப்டேட். அவள் கரண்டியை மேடையில் வைத்துவிட்டு, குழாய்க்கு அடியில் பாத்திரத்தை மாற்றி வைத்தாள். போன மாதமும் அடுத்த மாதம்தான் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின மாதமும் அப்படியே. வருகிற மாதங்கள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தன. அப்டேட்தான் வந்தபாடில்லை.

ஊரில் யாரைப் பார்த்தாலும் இதே பேச்சு. என்ன வரும், எப்போது வரும், எந்த மாடலுக்கு வரும், எதற்கு வராது. அவள் கவனித்த வரையில், யாருக்கு எது இல்லையோ அது அப்டேட்டில் வருவதாக இருந்தது. ராத்திரி தூக்கம் வராத எதிர் வீட்டு அக்கா, இனிமேல் போனே தாலாட்டு மாதிரி ஏதோ சத்தம் போட்டுத் தூங்கவைத்துவிடும் என்றாள். இவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளியம்மா கணக்கரோடு தினமும் சண்டை போடுகிறவர். கணக்கை இனிப் போனே பார்த்துக்கொள்ளும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கணக்கர் பாவம், அதே அப்டேட் முதலாளிகளின் கோபத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவள் கணவருக்குக் காது இல்லை. அதாவது இருந்தது, கேட்கவில்லை. பாதி வாழ்க்கையை ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று கழித்தவர். மிஷின் காகிதத்தில் அச்சடித்ததோடு நிற்காமல் அவர் காதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆனால் அதை அவரிடம் சொல்லிவிட முடியாது. "எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது. இந்தக் காலத்துல யாரு வாயைத் திறந்து பேசறாங்க? எல்லாம் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறீங்க" என்பார். டிவி செய்தி வாசிக்கிறவர்கள், பஸ் கண்டக்டர், பெற்ற மகள், கட்டின மனைவி என்று உலகமே சேர்ந்துகொண்டு வாய்க்குள் முணுமுணுக்கிறது, அவர் காது மட்டும் கல்லாட்டம் இருக்கிறது என்பது அவர் கட்சி.

காது டாக்டரிடம் போகலாம் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், சாப்பாட்டைத் தட்டில் நங்கென்று வைத்துப் பார்த்தாள். நங்கென்று வைத்தது அவருக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் இந்த அப்டேட் புரளி வந்து சேர்ந்தது: அப்டேட் வந்ததும் சாதாரண இயர்போனே காது மிஷினாக மாறிவிடுமாம். அவ்வளவுதான், மனிதர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் எதுக்கு டாக்டரு? அப்டேட் வரட்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இதற்கெல்லாம் மூலகாரணம் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் ஓர் ஆள். அவனை எல்லோரும் தேதி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்டேட் எப்போது என்று கேட்டால், யோசிக்காமல் ஒரு தேதி சொல்வான். அந்தத் தேதி வந்து போனதும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அடுத்த தேதி சொல்வான். அவனைப் போய் ஏன் நம்புகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. அப்டேட் காத்திருப்போர் சங்கம் என்று போனில் ஒரு குழு வேறு ஆரம்பித்திருந்தான். அதில் கணவர் இவளையும் சேர்த்துவிட்டிருந்தார். பொழுது விடிந்தால் பொழுது போனால் அதில் தகவல்களாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். எல்லாத் தகவலும் 'உறுதியான தகவல்' என்றே ஆரம்பிக்கும்.

காது கேட்காத கணவரோடு வாழ்வது பழகிப்போகும். குழாய் ஒழுகுகிறது, உப்பு தீர்ந்துவிட்டது என்பதையெல்லாம் கத்திச் சொல்லிவிடலாம். அவளும் வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி, கடையிலேயே வாடிக்கையாளர்களிடம் "மூக்குல உறுத்துதா?" என்று கேட்டால் அவர்கள் பதறிப்போய்க் கண்ணாடியைக் கழற்றுகிற அளவுக்கு ஆகியிருந்தாள். ஆனால் கத்திச் சொல்ல முடியாத விஷயம் ஒன்று வந்து சேரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அன்றைக்குக் கடையில் ஒரு ஃபிரேமின் காது வளைவைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தபோது மகளின் போன் வந்தது. லென்ஸ் அறுக்கும் மிஷின் இருக்கும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

"அம்மா, என்னால முடியல. நான் வந்துடறேன்."

"என்னடி ஆச்சு? அடிச்சாரா?"

"அடிக்கல்லாம் இல்ல. அடிச்சிருந்தா என்னிக்கோ கிளம்பியிருப்பேன். இந்த வீட்டுல நான் இருக்கறதே யாருக்கும் தெரியலம்மா. பேசினா பதில் கிடையாது. மாசக்கணக்கா இப்படித்தான். திரும்பிப் போற எண்ணமே இல்லாமதான் வரேன்."

அழக் கூடாது என்று மிஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "வா. உடனே வா" என்றாள்.

"நீ சொல்லுவேன்னு தெரியும். அப்பா? அப்பா என்ன சொல்லுவாரு? அவரு எவ்வளவு ஆசையா பண்ணின கல்யாணம். அவரு வாயால வான்னு சொன்னாத்தாம்மா என்னால அந்த வாசப்படி ஏற முடியும். ஞாயித்துக்கிழமை வரணும்னு இருக்கேன். நீ அவர்கிட்ட சொல்லு. ஆனா கத்திச் சொல்லாதம்மா, உன் கால்ல விழறேன். எதிர் வீட்டு அக்காவுக்குக் கேட்டுச்சுன்னா, அடுத்த நிமிஷம் இங்க என் மாமியாருக்குத் தெரிஞ்சுடும். நான் வெளிய வர்ற வரைக்கும் இங்க யாருக்கும் தெரியக் கூடாது."

அதுதான் சிக்கல். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே எதிர் வீட்டு அக்காதான். மாமியாரும் அக்காவும் அப்படி ஒரு சிநேகம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது தெரு என்று பெயர்தான், ஒரு குறுகலான சந்து. ஒருமுறை இவள் கணவரிடம் "சர்க்கரை இல்லை" என்று கத்த, அக்கா ஒரு கிண்ணத்தில் சர்க்கரையோடு வந்து நின்றாள். "நீ கத்தினது பாவமா இருந்துச்சு" என்றாள். நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நல்ல மனசுக்கு வாயில் பூட்டு கிடையாது.

கணவர் என்ன சொல்வார் என்பதிலும் அவளுக்கு நிச்சயம் இல்லை. அந்தக் கல்யாணப் பத்திரிகையை அவரே தன் கையால் அச்சடித்தவர். சிவப்பு சரியாக விழவில்லை என்று மையைத் திரும்பத் திரும்பக் கலந்து, முதலில் ஓடிய காகிதத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். மிஞ்சிய பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இன்னும் மகளின் அறையில், அவள் கட்டில்மேல் இருக்கின்றன. பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம் என்று சொன்னால், "என் வேலையிலயே நல்ல வேலை அது. கை வெக்காதே" என்பார். அப்படிப்பட்ட மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதே பெரும்பாடு. அதையும் சத்தமில்லாமல் சொல்ல வேண்டும்.

முதலில் எழுதிப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்: 'நம்ம பொண்ணு வந்துடறேங்கறா. திரும்பிப் போக மாட்டாளாம். நீங்க வான்னு சொல்லணும்.'

உடனே பதில் வந்தது. ஒரு கட்டைவிரல்.

அவளுக்கு நம்பவே முடியவில்லை. இவ்வளவு சுலபமா! மனிதரை நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று மனசுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்டுக்கொண்டாள். சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாயசைவு தெரிகிற மாதிரி, "படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"படிச்சேன், படிச்சேன்," என்றார் சந்தோஷமாக. "நல்லதுதானே. வந்தா எல்லாருக்கும் சௌகரியம்."

அவள் கண் கலங்கிவிட்டது. மகளைக் கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேவிட்டாள்.

"ஒரே ஒரு கவலைதான்," என்று அவர் தொடர்ந்தார். "பழைய மாடலுக்கு வராதுங்கறான் தேதி."

அவள் அவர் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுடைய செய்தி, சங்கத்திலிருந்து வந்த உறுதியான தகவல்களுக்கு நடுவில் எங்கேயோ சிக்கிக் கிடந்தது. மனிதர் எதையும் படிக்கவில்லை. வந்தது எல்லாவற்றுக்கும் வரிசையாகக் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டே போயிருக்கிறார், பெற்ற பெண்ணின் வாழ்க்கைக்கும் சேர்த்து. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நிஜக் கட்டைவிரலைப் பிடித்து முறுக்கலாம் போலிருந்தது.

"இதைப் படிங்க," என்று செய்தியைக் காட்டப் போனவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். ஏனென்றால் அவர் எதைப் படித்தாலும் வாய்விட்டுத்தான் படிப்பார். அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிற பழக்கம் அது. ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மூலப்பிரதியோடு ஒத்துப்பார்ப்பார். அதுவும் மிஷின் சத்தத்துக்கு மேலே படித்துப் பழகிய குரல். தெருவில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைக்கூட முற்றுப்புள்ளி, காற்புள்ளி உள்பட ஊருக்கே படித்துக் காட்டுகிறவர் இதை மட்டும் மனசுக்குள் படிப்பாரா? "நம்ம பொண்ணு" என்று அவர் வாய் அதற்குள் ஆரம்பித்துவிட்டது. அவள் போனை இழுத்துக்கொண்டு அந்தச் செய்தியை இரண்டு போனிலும் அழித்தாள்.

"என்ன, பொண்ணுக்கு என்ன?" என்றார்.

"அவ போனுக்கும் வருமான்னு கேட்டா," என்று கத்தினாள்.

"வரும், வரும்!" என்றார். சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து "எனக்கும் வருமா?" என்று அக்காவின் குரல் கேட்டது.

மறுநாள் காலையில் பூங்காவுக்கு அழைத்துப்போனாள். மரத்தடியில் ஆள் இல்லாத பெஞ்சாகப் பார்த்து உட்காரவைத்து, அவர் காதோரம் குனிந்து, "நம்ம பொண்ணு" என்றாள். "ஆ?" என்றார். "பொண்ணு!" என்றாள். "யாரு?" என்றார். "நம்ம பொண்ணுங்க!" என்றாள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் எதிர் வீட்டு அக்காவின் தம்பி. "என்னக்கா, பொண்ணுக்கு என்ன?" என்று அக்கறையாகக் கேட்டார். "பிறந்தநாள் வருது" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, கணவரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மகளின் பிறந்தநாள் போய் அப்போது பாதி வருஷம் ஆகியிருந்தது.

அன்று கடையில் ஒரு பெரியவர் வந்தார். செய்தித்தாளைக் கையை எட்ட நீட்டிப் பிடித்துப் படித்துக்கொண்டே உள்ளே நுழைந்தவர், கண்ணாடி வேண்டாம், சும்மா விலை விசாரிக்கத்தான் வந்தேன் என்றார்.

"கண்ணாடி இல்லாம எப்படி சார் படிக்கறீங்க?"

"அப்டேட் வருதேம்மா. போனைக் காட்டினா எழுத்தெல்லாம் தானே பெரிசாகிடுமாம். அப்புறம் உங்க கடையெல்லாம் எதுக்கு?"

அவள் பொறுமை அங்கே அறுந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அவரை அனுப்பிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். டாக்டர் சொன்னால் கேட்க மாட்டார்கள். வீட்டில் இருக்கிறவள் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னால் கேட்க மாட்டார்கள். முகம் தெரியாத எவனோ 'உறுதியான தகவல்' என்று எழுதினால் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நம்புவார்கள். சரி, அப்படியென்றால் அப்படியே ஆகட்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம் வந்தது.

போனை எடுத்தாள். அதில் இரண்டாவதாகப் போட்டிருந்த சிம்மின் நம்பர் கணவருக்கே சரியாக ஞாபகம் இருக்காது. சங்கத்தில் யாருக்கும் தெரியாது. அந்த நம்பரில் பேரை மாற்றிக்கொண்டு, சங்கத்தின் அழைப்பு லிங்க் வழியாக உள்ளே நுழைந்து, எழுத ஆரம்பித்தாள்:

'உறுதியான தகவல். அப்டேட்டில் காது மிஷின் வசதி எல்லோருக்கும் திறக்காது. கிளினிக்கில் எடுத்த காது டெஸ்ட் சார்ட்டைப் போனில் ஏற்றினால்தான் திறக்கும். பழைய சார்ட் செல்லாது. முதலில் ஏற்றுகிறவர்களுக்கே முன்னுரிமை. கம்பெனிக்குள் இருக்கும் ஒருவர் சொன்னது. தயவுசெய்து யாருக்கும் சொல்ல வேண்டாம்.'

கடைசி வரியை எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பதை விட வேகமாக ஒரு செய்தியைப் பரப்ப வேறு வழியில்லை.

சாயந்தரம் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "நாளைக்கு நான் லீவு. காது டெஸ்ட் எடுக்கணும்," என்றார்.

அவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "எதுக்கு?" என்று சைகை காட்டினாள்.

"உனக்கு எங்க தெரியப்போகுது. சார்ட் இல்லன்னா காது வசதி திறக்காதாம். தேதி சொல்றான், இது அவனுக்கு முன்னாடியே தெரியுமாம், சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தானாம். நீதான் எதையும் நம்ப மாட்டே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதை அவர் பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் இருவரும் கிளினிக் வாசலில் இறங்கினார்கள். உட்கார இடமில்லை. சுவரோரம் நிற்கிறார்கள், படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அச்சகத்து ஆட்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். முன்வரிசையில் தேதி கால்மேல் கால் போட்டுக்கொண்டு, சுற்றி நின்றவர்களுக்குப் புதுத் தேதி சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில், கையில் டோக்கனோடு எதிர் வீட்டு அக்கா.

"வா, வா!" என்று அக்கா கூப்பிட்டாள். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இருந்தாலும் சார்ட் இருந்தா நல்லதுதானே. கண்ணு சார்ட்டும் வேணுமாம், தெரியுமா? உன் கடையிலயும் கூட்டம் அள்ளுமே!"

அதற்குள் முதலாளியம்மா போனில் கூப்பிட்டுவிட்டார். "இன்னிக்குப் பார்த்தா லீவு போடுவே? வாசல் வரைக்கும் வரிசை நிக்குது. கண்ணு சார்ட்டாம், அப்டேட்டாம், ஒண்ணுமே புரியலயே!"

அவள் போட்ட ஒரு வரிக்குக் கண்ணும் மூக்கும் முளைத்து, அது அவளுக்கு முன்னாலேயே வந்து டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

வரவேற்பில் இருந்த பெண் ஏற்கெனவே அலுத்துப்போயிருந்தாள். "அப்டேட்டுக்கா, காதுக்கா?" என்று நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"அப்டேட்டுக்கு!" என்றார் கணவர்.

"அடுத்த மாசம்தான் இடம் இருக்கு."

அடுத்த மாதம். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ. மேஜைமேல் கையை ஊன்றிக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "காதுக்கு. இவருக்கு நிஜமாவே கேக்காது. இங்க வந்திருக்கறதுல நிஜமாவே கேக்காத ஆளு இவரு ஒருத்தர்தான்மா."

அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்து, "சார், உங்க பேரு?" என்று கேட்டாள்.

"ஆமா, நல்ல கூட்டம்," என்றார் அவர்.

"உள்ள போங்க," என்றாள் அந்தப் பெண்.

உள்ளே ஒரு சின்ன அறை. அதற்குள் இன்னொரு அறை, அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது, கனமான கதவும் ஒரு கண்ணாடி ஜன்னலும் வைத்தது. சத்தம் உள்ளே போகாது, உள்ளே இருந்து வெளியே வராது என்றாள் டெஸ்ட் எடுக்கிற பெண். கணவரை உள்ளே உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தன் கருவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பெண் கருவியின் திருகைத் திருப்பினாள். அவர் அழுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அவர் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி, தப்பாகிவிடக் கூடாதே என்று முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அழுத்தவில்லை. திருகு போய்க்கொண்டே இருந்தது. நின்றுகொண்டிருந்த இவளுக்கே ஹெட்போனிலிருந்து வரும் சத்தம் கேட்டுவிடும் போலிருந்த நேரத்தில்தான் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. இத்தனை நாள் சேர்த்துவைத்த கோபமெல்லாம் அவளுக்கு எங்கேயோ போய்விட்டது. மனிதர் நடிக்கவில்லை, அலட்சியம் பண்ணவில்லை. பயந்துபோய்த்தான் இத்தனை நாளும் அப்டேட்டைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார் என்று தோன்றியது. பாவமாக இருந்தது. இதை முன்பே சொல்லித் தொலைத்தால் என்ன என்று அதற்கும் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

"நிறையவே போயிருக்கு," என்றாள் அந்தப் பெண். "ஆனா மிஷின் போட்டா நல்லாக் கேக்கும். அடுத்தது பேச்சு டெஸ்ட். நான் மைக்ல சொல்றதை அவர் திருப்பிச் சொல்லணும்." அதை உள்ளே அவருக்கும் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

அப்போதுதான் வெளியே கூச்சல் கிளம்பியது. எவனோ வரிசையில் குறுக்கே புகுந்துவிட்டானாம். தேதியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. முதலில் ஏற்றுகிறவர்களுக்கே முன்னுரிமை என்று அவன் சட்டம் பேசிக்கொண்டிருந்தான். அந்த வாக்கியத்தை எழுதியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என்ன இது," என்று டெஸ்ட் எடுக்கிற பெண் எழுந்தாள். "நீங்க கொஞ்சம் பேசிட்டு இருக்கீங்களா? பழகின குரல்ல எப்படிக் கேக்குதுன்னும் பார்க்கணும். இந்த சுவிட்சை அழுத்திட்டு, சாதாரணமாப் பேசினாப் போதும். கத்த வேண்டாம். சத்தத்தை நான் கூட்டி வெச்சிருக்கேன்." வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அவள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். சுவிட்சை அழுத்தினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் நேராகப் பார்த்துக்கொண்டு தயாராக இருந்தார்.

"ஏங்க," என்றாள். எத்தனையோ வருஷம் கழித்து, அவ்வளவு மெதுவாக.

"ஏங்க," என்று அவர் குரல் கருவியின் சின்ன ஸ்பீக்கரில் திரும்பி வந்தது.

"குழாய் ஒழுகுது."

"குழாய் ஒழுகுது." முழு மதிப்பெண் வாங்கிய பெருமையோடு சொன்னார்.

"நம்ம பொண்ணு போன் பண்ணினா."

"நம்ம பொண்ணு போன் பண்ணினா."

"அவளுக்கு அங்க யாரும் துணை இல்ல. பேசறதுக்குக்கூட ஆள் இல்ல."

"அவளுக்கு அங்க யாரும் துணை இல்ல, பேசறதுக்குக்கூட ஆள் இல்ல." ப்ரூஃப் படிக்கிற அதே குரல். எழுத்து பிசகாமல் வந்தது, பொருள் இன்னும் வந்து சேரவில்லை.

"ஞாயித்துக்கிழமை வந்துடறா. திரும்பிப் போக மாட்டா."

"ஞாயித்துக்கிழமை வந்துடறா. திரும்பி..."

அங்கே நின்றுவிட்டார். முகம் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது. அவள் சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"நீங்க உங்க வாயால வான்னு சொன்னாத்தான் வருவாளாம்."

இதை அவர் திருப்பிச் சொல்லவில்லை. மடியில் இருந்த பட்டனைக் குனிந்து பார்த்தார். பிறகு அதை அழுத்தினார். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

"ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்றார்.

"சொன்னேன். கட்டைவிரல் காட்டினீங்க."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது இன்னும் பட்டன்மேலேயே இருந்தது. சிவப்பு மையும் கட்டுக்கட்டாகப் பத்திரிகைகளும் அவள் கண்முன்னால் வந்து நின்றன. அவர் தலை நிமிர்ந்தது. ஹெட்போன் மாட்டியிருந்ததில் தன் குரல் தனக்கே தெரியாமல், மிஷின் ஓடும்போது பேசுகிற அந்தக் குரலில், அந்தச் சின்ன அறையே அதிரக் கத்தினார்:

"இதுக்கு நான் எதுக்கும்மா வான்னு சொல்லணும்? அது அவ வீடு! வரச் சொல்லு! ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு, இன்னிக்கே கிளம்பச் சொல்லு! அந்தப் பத்திரிகைக் கட்டையெல்லாம் இன்னிக்கே பழைய பேப்பருக்குப் போட்டுடறேன்! கட்டிலைத் துடைச்சு வெக்கறேன்! என் பொண்ணு! என் பொண்ணுகிட்ட பேசறதுக்கு ஆள் இல்லையா!"

அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் நிரம்பியிருந்தது. அவ்வளவு கத்தலிலும், மூடிய கதவுகளுக்கு அப்பால், டோக்கனோடு உட்கார்ந்திருந்த எதிர் வீட்டு அக்காவுக்கு ஒரு வார்த்தை போகவில்லை. வரிசைச் சண்டை அங்கே தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சுவிட்சை அழுத்தினாள்.

"கத்தாதீங்க," என்றாள். "எனக்குக் கேக்குது."